முதல் பரிசு பெற்ற பதில்

டாக்டர் சிவநேசன் காலையிலிருந்து மூன்று முறை டாய்லெட்டுக்குப் போய் வந்துவிட்டார். ஈப்போ ஹோட்டலில் பலகாரமாக வைத்த கறிபாப் மேல் பழியைப் போட்டிருக்கலாம். பாவம், அதை அவர் இன்னும் தொடவே இல்லை.

மண்டபச் சுவரை மறைத்துக்கொண்டு ஒரு பேனர்: 'சுகாதாரப் பணியாளர்களுக்குச் செயற்கை நுண்ணறிவு'. கீழே, பயிற்சியாளர் என்று அவர் பெயர். அதற்கு அவருக்கிருந்த ஒரே தகுதி, போன வருஷக் கூட்டத்தில் புரொஜெக்டர் நின்றுபோனபோது ஒயரைப் பிடுங்கித் திரும்பச் சொருகியது. அன்றிலிருந்து மாவட்டத்தில் கணினி என்று எது வந்தாலும் அவர் தலையில்தான் விடிந்தது.

திறந்து வைக்க வந்த பெரிய மனிதர் டத்தோ, இயந்திரம் எழுதிக் கொடுத்த உரையை வாசித்தார். கடைசியில் "இதை இன்னும் சுருக்கித் தரட்டுமா?" என்று அது கேட்டிருந்ததையும் விடாமல் வாசித்தார். மண்டபம் கைதட்டியது. வெட்கமில்லாமல் சிவநேசனும் தட்டினார்.

'இயந்திரம் சொல்வதைப் படித்துச் சரிபார்க்காமல் நம்பாதீர்கள்' என்பது அவருடைய முதல் ஸ்லைடு. அதையும் இயந்திரம்தான் செய்து கொடுத்தது. அவர் சரிபார்க்கவில்லை.

மத்தியானம் போட்டி. கிளினிக்கில் நோயாளி யாராவது கேட்ட கேள்வியை இயந்திரத்திடம் கேட்டு, வந்த பதிலை அனுப்ப வேண்டும். மண்டபம் மொத்தமும் அனுப்பியது. அத்தனையையும் உட்கார்ந்து படிக்க யாரால் முடியும்? தட்டில் மீ ஹூன் நூடுல்ஸ் வேறு ஆறிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் அதே இயந்திரத்தின் தலையில் கொட்டி, "இதில் எது நல்ல பதில்?" என்றார். பெற்றவளிடமே எந்தப் பிள்ளை அழகு என்று கேட்கிற மாதிரி. அது விமலா அனுப்பியதைச் சொன்னது. விமலா, லகாட் பக்கத்துக் கிளினிக்கில் நீரிழிவுக்காரர்களைப் பார்க்கிற தாதி; எல்லாருக்கும் 'மிஸ்ஸி'. முதல் பரிசான ஹேம்பர் கூடையைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார்.

சிஜில் என்கிற சான்றிதழைக் கொடுக்க டத்தோ திரும்பி வருவார் என்று பொழுது சாயும் வரைக்கும் எல்லாரையும் பிடித்து வைத்திருந்தார்கள். சிவநேசன் ஒரு வழியாக ஒரு கறிபாப்பைக் கடித்தபோது விமலா வந்தாள்.

"டாக்டர், அது போட்டிக்காகக் கேட்ட கேள்வி இல்லலா. நம்ம சன்னாசி அண்ணன், லோரி ஓட்டுறாரே, தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறாரு. விரதத்துல இன்சுலின் ஊசியை எப்படிப் போடறதுன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. பதில் வந்ததும் அவருக்கும் தட்டிவிட்டுட்டேன்."

அப்போதுதான் சிவநேசன் அந்தப் பதிலைப் படித்தார். முதல் தடவையாக.

'காலையில் போடும் பெரிய அளவைச் சூரியன் மறைந்ததும், நோன்பு திறக்கும் உணவோடு போடவும்…'

கறிபாப் வாயிலேயே நின்றது.

"மிஸ்ஸி, சன்னாசி சோறு எப்ப சாப்பிடுவார்?"

"மத்தியானம் ஒரு வேளை. ராத்திரிக்கு வெறும் பாலும் பழமும்…" பாதியில் அவள் முகம் மாறியது.

"இது ரமலான் நோன்பு மாசத்துக் கணக்கு. மலேசியாவில விரதம்னா இயந்திரத்துக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். பொழுது சாய்ஞ்சு வயிறு நிறையச் சாப்பிடுற ஆளுக்குச் சொன்னது. சன்னாசி அந்த ஊசியைப் போட்டுட்டு, பாலைக் குடிச்சிட்டுப் படுத்தாருன்னா…"

விமலா ஏற்கெனவே போனை அழுத்திக்கொண்டிருந்தாள். "எடுக்கலை டாக்டர். பூசையில உட்கார்ந்தா போனைத் தொட மாட்டாரு."

இருவரும் ஓடினார்கள். வாசலில் ஏற்பாட்டாளர் ஷாமினி மறித்தாள். "டாக்டர், எங்க போறீங்க? குரூப் போட்டோ! டத்தோ வந்துட்டாரு!"

"என்னை விட்டுட்டு எடுங்க!"

காரில், ஒவ்வொரு மேட்டுக்கும் விமலா மடியில் ஹேம்பர் சரசரத்தது. வழியெல்லாம் யாரோ சிரிக்கிற மாதிரி இருந்தது.

"என் தப்பு டாக்டர்."

"நீ அனுப்பினே. நான் பரிசே குடுத்தேன். எது கேவலம்?"

பழைய ரப்பர்த் தோட்டத்தை வெட்டி எழுப்பிய தாமான் குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. சன்னாசி மஞ்சள் வேட்டியில் வெளியே வந்தார். திருநீறு வேர்வையில் கரைந்து மூக்கில் வழிந்தது.

"அட, டாக்டரு! மிஸ்ஸி, நீங்க சொன்ன மாதிரியே கரெக்டா போட்டுட்டேன்," என்று சொன்னவரின் கை நடுங்கியது.

விரலைக் குத்திப் பார்த்தாள் விமலா. சர்க்கரை பாதாளத்தில் இருந்தது. "அண்ணே, உடனே ஏதாவது சாப்பிடணும்!"

"காவடி எடுக்கிறவன் மிஸ்ஸி. ஒரு வேளைதான். முருகனுக்குக் குடுத்த வாக்கு."

அவர் மனைவி முத்தம்மா கதவோரம் கையைப் பிசைந்தாள். வாதாட நேரமில்லை; பாலும் பழமும் மட்டும் இதற்குப் போதாது. சிவநேசன் ஹேம்பரைக் கிழித்தார். டின் மீன். கோழி வாசனைச் சிப்ஸ். முட்டை பிஸ்கட். விரதக்காரனுக்கு முன்னால் வைக்கக் கூசுகிற சாமான்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. அடியில் ஒரு தேன் போத்தல்.

"அண்ணே, தேன் ஆகுமா?"

சன்னாசி யோசித்தார். அந்த யோசனை முடிவதற்குள் சிவநேசனுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"தேன் சாமிக்கே படைக்கிறதுதானே டாக்டர்."

போத்தலோடு அவர் வாயில் கவிழ்த்தார்கள். அதற்கு மேல் பால், பழம், முத்தம்மா படையலிலிருந்து எடுத்து வந்த சர்க்கரை. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. போட்ட ஊசி இன்னும் பல மணி நேரம் வேலை செய்யும். ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். முத்தம்மா துணிப்பை எடுக்க உள்ளே போனாள்.

"யாரு டாக்டர் இப்படிப் போடச் சொன்னது?"

விமலா வாயெடுத்தாள். சிவநேசன் முந்திக்கொண்டார். "நான்தான் அண்ணே. படிக்காமலே நல்லாருக்குன்னு சொல்லிட்டேன்."

"ஏன் டாக்டர்?"

மீ ஹூன் ஆறிப்போகும் என்று சொல்ல முடியுமா? கிழிந்த ஹேம்பர் தாளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. குரூப் போட்டோ. டத்தோவுக்குப் பக்கத்தில், கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு சிவநேசன் சிரித்துக்கொண்டிருந்தார். முடி கூடுதல், தொப்பை குறைச்சல். 'நீங்க இல்லாம நல்லால்ல டாக்டர், ஏ.ஐ. வெச்சுச் சேத்துட்டேன்!' என்று ஷாமினி எழுதியிருந்தாள்.

சன்னாசி எட்டிப் பார்த்தார். "உங்க தம்பியா?"

"இவர்தான் அண்ணே இன்னைக்குப் பாடம் நடத்தினவர்."

காரில் ஏறுவதற்கு முன்னால் பயிற்சிக்கு வந்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்: 'படத்தில் இருப்பது நான் இல்லை. முதல் பரிசு பெற்ற பதில் தப்பு. யாரும் எந்த நோயாளிக்கும் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இப்போதே என்னைக் கூப்பிடுங்கள்.'

அனுப்பிய கையோடு கட்டைவிரல் லைக்குகள் வரிசையாக வந்து விழுந்தன. அதற்குள் ஒருவரும் படித்திருக்க முடியாது.