சிவப்பு தெரியாத தட்டு

என் நாத்தனாரை இந்த ஆய்வகத்தில் சேர்த்துவிட்டவள் நான்தான். "சொந்தக்காரியை நுழைத்துவிட்டாள்" என்று முதுகுக்குப் பின்னால் பேசியவர்களை முறைத்தே வாயடைத்தவளும் நான்தான். இன்று அவள் வேலை போகப் பார்த்தது.

மாதக்கணக்கில் பாடுபட்டு அவள் ஒரு பிளாஸ்மிட் செய்திருந்தாள். பாக்டீரியாவுக்குள் போய் உட்காரும் குட்டி டி.என்.ஏ வளையம் அது. அதைப் படித்து பாக்டீரியா ஒரு புரதம் செய்யும். பச்சை ஒளி பட்டால் அந்தப் புரதம் சிவப்பாக ஒளிரும். வேண்டும்போது அதை ஒளியாலேயே அணைக்கலாம், நீல ஒளி காட்டித் திரும்ப எழுப்பலாம். காலையில் தட்டில் முளைத்த பாக்டீரியாப் புள்ளிகள்மேல் பச்சை விளக்கைப் பிடித்தவள், சிவப்பைக் கண்டதும் தலைகால் புரியாமல் பேராசிரியரை அழைக்க ஓடினாள். அவர் வந்து பார்த்தபோது தட்டில் சிவப்பே இல்லை.

ஏற்கெனவே இங்கே ஒருத்தன் பொய் முடிவு காட்டி அவர் மானத்தை வாங்கியிருக்கிறான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா?

"நிஜமா பார்த்தேன் சார்."

"நானும்தான் பார்க்கிறேன். எங்கம்மா இருக்கு?" குரலை உயர்த்தவில்லை. "சாயங்காலத்துக்குள்ள காட்டு. முடியலன்னா நாளைலேருந்து வர வேண்டாம்."

அவர் போனதும் இருட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் தட்டின்மேல் கவிழ்ந்தோம். விளக்கை இன்னும் கிட்டே இழுத்தேன். ஒன்றுமில்லை. இன்னும் கிட்டே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இல்லாததை இருக்குன்னு சொன்னியாடி? உனக்காக எத்தனை பேர்கிட்ட பேச்சு வாங்கியிருக்கேன் தெரியுமா?"

அவள் அழவில்லை. "விளக்கை அணைக்காமலே ஓடிட்டேன் அண்ணி. நான் பண்ணின தப்பு அது ஒண்ணுதான்" என்றாள்.

அந்தச் சொல்லில் எனக்குச் சுருக்கென்றது. பச்சை விளக்கு! காட்டுகிற அதே ஒளிதான், நேரம் போகப்போக அந்தப் புரதத்தை அணைக்கவும் செய்யும். அதற்கு மைக்ரோஸ்கோப்பின் லேசர் வேண்டும், கைவிளக்கு என்ன செய்துவிடும் என்று நினைத்திருந்தோம். பார்க்கிறேன் பேர்வழி என்று காலையிலிருந்து நாங்களேதான் அணைத்துக்கொண்டிருந்தோம்.

பச்சை விளக்கை அணைத்துவிட்டு, பக்கத்து மேசையில் இருந்த நீல விளக்கை எடுத்துவந்து தட்டின்மேல் பிடித்தேன். பிறகு பச்சை விளக்கை ஒரு நொடி மட்டும் போட்டேன். தட்டு முழுக்கச் சிவப்பு.

பேராசிரியர் வந்தார். குனிந்து பார்த்தார். மங்குகிறதா, மறுபடி எழும்புகிறதா என்று தானே இரண்டு விளக்கையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். "சரிம்மா, அடுத்த வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வாயிலிருந்து அது வந்ததே பெரிய விஷயம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பார்த்தியா, தப்பிச்சோம்" என்று அவள் தோளில் தட்டினேன்.

அவள் தட்டை மூடி, அதன் ஓரத்தில் தேதியை எழுதினாள்.

"சார் நம்பாததுகூட எனக்குப் பெருசில்ல அண்ணி" என்றாள். "நீங்க எப்படி நம்பாமப் போனீங்க?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.