கடைசி இரண்டு வரி

பத்தொன்பது வருடமாக நான் கையெழுத்துப் போட்டுவந்த இரண்டு வரி இவை: ‘மேற்கண்டதை இவருக்குத் தமிழில் படித்து விளக்கினேன். புரிந்ததென்று சொன்னார்.’ ஆங்கிலம் தெரியாத கட்சிக்காரர் ரேகை வைக்கும் ஒவ்வொரு தாளின் அடியிலும் இது இருக்கும். உண்மையைச் சொல்கிறேன், பாதி நாள் நான் விளக்கியது, “இங்க வைங்கக்கா” என்பது மட்டும்தான்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் வக்கீல் ஆபீஸ். நான் அங்கே தலைமை கிராணி, அதாவது குமாஸ்தா, புஷ்பவல்லி. வக்கீல் சண்முகரத்தினம், எங்களுக்கு பாஸ். 1992 ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் என்னை அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, தானே டைப் அடித்த ஒரு தாளை நீட்டினார். அவர் டைப் அடித்து நான் பார்த்ததே இல்லை.

“கேரி தீவு வீரம்மா பதினோரு மணிக்கு வருது. ரேகை வாங்கிக்க. எப்பவும் போல கீழே சைன் பண்ணிடு.”

படித்தேன். வீரம்மா தன் இஷ்டப்படி வழக்கை விட்டுவிடுகிறாளாம். எங்கள் ஆபீஸ் மேல் எந்தக் குறையும் இல்லையாம். பின்னால் எதுவும் கேட்க மாட்டாளாம்.

வீரம்மா செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவள். அவள் புருஷனை ஜெஞ்சாரோம் ரோட்டில் ஒரு லோரி அடித்துப்போட்டது. அவள் எங்களிடம் வந்தது 1990 மார்ச்சில். என்றைக்கு இறந்தார் என்று கேட்டேன். “போன வருஷம் தைப்பூசத்துக்கு மறுநாள்” என்றாள். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். தைப்பூசம் பிப்ரவரியில் இருந்தது. அதற்கு மறுநாள் தேதியை வைத்து, வருஷத்தை மட்டும் ஒன்று குறைத்து எழுதிக்கொண்டேன். பெரிய கெட்டிக்காரி! தைப்பூசம் வருஷத்துக்கு வருஷம் தள்ளித் தள்ளி வரும் என்பது பால்குடம் எடுக்கும் எனக்குத் தெரியாதா? 1989-இல் அது ஜனவரியிலேயே வந்துவிட்டது. இந்த மாதிரி வழக்கை இறந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். நான் குறித்த தேதியை நம்பி 1992 பிப்ரவரித் தொடக்கத்தில் போட்டோம். இரண்டு வாரம் பிந்திவிட்டது. லோரி கம்பெனி வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார்.

இறப்புச் சான்றிதழ் பிறகு வந்து ஃபைலில்தான் இருந்தது. ஃபைல் அட்டையில் ‘தேதி சரிபார்த்தவர்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் பாஸின் கையெழுத்தும் இருந்தது. ஒருவர் எழுத, ஒருவர் பார்க்க வேண்டும் என்று விதி. நான் எழுதினேன், அவர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

“பாஸ், நடந்ததை வீரம்மாகிட்ட சொல்லணும்ல?”

“தப்பு உன்னோடது, புஷ்பா. உன்னைக் காப்பாத்தத்தான் இவ்வளவும் பண்றேன்.”

எனக்கு எரிந்தது. இரண்டு மாதத்துக்கு முன்தான், வக்கீல்கள் செய்யும் தப்புக்கு நஷ்டஈடு கொடுக்கிற இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் வந்து பேசினார். தப்பு நடந்தால் மறைக்காதீர்கள், உடனே எழுத்தில் தெரிவியுங்கள், கட்சிக்காரரிடம் சொல்லி வேறு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். பாஸ் முன் நாற்காலியில் உட்கார்ந்து நன்றாகத் தலையாட்டினார். அதையெல்லாம் டைப் அடித்துச் சுவரில் ஒட்டியவள் நான். இப்போது அதற்குக் கீழேயே உட்கார்ந்துகொண்டு என்னைக் காப்பாற்றுகிறாராம்.

பதினோரு மணிக்கு வீரம்மா வந்தாள். விடியற்காலை பஸ் ஏறி, கிள்ளானில் மாறி வந்திருக்கிறாள். பாஸ் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். அதுவும் வழக்கமில்லை. மை டப்பாவைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார். அவள் கேள்வி கேட்காமல் பெருவிரலை மையில் வைத்தாள். வக்கீல் ஆபீஸ் என்றால் எங்கள் சனத்துக்கு அவ்வளவு நம்பிக்கை.

“இருங்கக்கா” என்றேன். “நான் படிச்சுச் சொல்லணும். அது ரூல்.”

“புஷ்பா...”

“கீழே எழுதியிருக்கு பாஸ். நீங்கதான் டைப் பண்ணீங்க.”

வரி வரியாகப் படித்து, வரி வரியாகத் தமிழில் சொன்னேன். வீரம்மாவின் விரல் மையோடு அந்தரத்தில் நின்றது.

“நான் எதுக்குக் கேஸை வேணாங்கணும்? நான் அப்படிச் சொல்லலியே.”

“கேஸ் நிக்காதுக்கா. தேதி தாண்டிப் போட்டுட்டோம்.”

“இனஃப்! வெளிய போ” என்றார் பாஸ்.

“அக்கா புரிஞ்சுதுன்னு சொல்லட்டும் பாஸ், போறேன். அப்பதானே நான் சைன் பண்ண முடியும்?” வீரம்மா பக்கம் திரும்பினேன். “லோரிக்காரன்கிட்ட இனிமே நஷ்டஈடு கேக்கறது கஷ்டம்க்கா. எங்ககிட்ட கேக்கலாம். வேற வக்கீலைப் பாருங்க. இதுல ரேகை வெச்சீங்கன்னா எங்ககிட்டயும் கேக்க முடியாது.”

“தேதியைத் தாண்ட விட்டது யாரு?”

“எழுதுனது நான். சரிபார்க்காம விட்டது இவரு.”

அவள் என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வேன்! அறைந்திருந்தால்கூடத் தேவலை. பிறகு பெருவிரலைச் சேலைத் தலைப்பில் அழுத்தித் துடைத்தாள். புதுச் சேலை. மை போகாது.

நான் பேனாவை எடுத்தேன். தாளின் அடியில் இருந்த இரண்டு வரிக்குக் கீழே மூன்றாவதாக ஒன்றை எழுதினேன்: ‘புரிந்ததால் ரேகை வைக்க மறுத்தார்.’ பத்தொன்பது வருடத்தில் முழு உண்மைக்குக் கீழே கையெழுத்துப் போட்டது அன்றுதான். ஒரு நகல் எடுத்து வீரம்மாவிடம் கொடுத்தேன்.

“நாளைக்கு வேலைக்கு வராதே” என்றார் பாஸ்.

“வருவேன் பாஸ். இன்சூரன்ஸுக்கு லெட்டர் போகணும். நிப்பாட்டறதா இருந்தா அதுக்கப்புறம் நிப்பாட்டுங்க, காரணத்தை எழுத்துல கொடுங்க.”

வீரம்மாவோடு படி இறங்கினேன். பூக்கடை வாசலில் அவள் நின்றாள்.

“ஒன்னை மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காத.”

“வேணாம்க்கா. கேஸ் போடுங்க. என் பேரையும் சேர்த்துக்கங்க, சாட்சிக்கு வரேன்.”

நகலின் பின்பக்கத்தில் என் முழுப்பெயரையும் அடையாளக் கார்டு எண்ணையும் எழுதினேன். தேதி எழுதும்போது கை நின்றுவிட்டது. பூக்கடைக்குள் போய்க் காலண்டரைப் பார்த்தேன். வருஷத்தையும் பார்த்தேன். வெளியே வந்து எழுதி, வீரம்மாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.