ஆறு குளிசைகள்

குளிசை அட்டையின் ஒரு பக்கம் கத்தரிக்கோலால் நேராக வெட்டப்பட்டிருந்தது. எண்ணினேன். ஆறு குறைந்தது. பிழை என்னுடையதோ என்று கொப்பியைப் புரட்டி இன்னொருமுறை எண்ணினேன். மிச்சம் மூன்றுதான். கிளினிக்குக்கு இன்னும் ஒன்பது நாள்.

நாட்குறிப்பு எழுதிப் பழகியிருந்ததால், டொக்டர் சொன்னபடி கோபத்துக்கும் அழுகைக்கும் தினமும் சுழியத்திலிருந்து மூன்று வரை இலக்கம் போட்டு வந்தேன். போட்டது சரிதானா என்று இன்றைக்கும் சந்தேகம். கோபத்தை எதைக்கொண்டு அளப்பது? ஆனால் மாதவிடாய்க்கு முந்திய ஏழு நாளும் மாதாமாதம் மூன்றிலேயே நின்றது. ஹோர்மோன் சிலரை இப்படிப் படுத்தும், இது உங்கள் குணமில்லை என்றார் டொக்டர். பங்குனியில் ஒருநாள் அக்கா மகள் கயலினி என் கொப்பியில் தண்ணீரை ஊற்றிவிட்டாள். நான்கு வயது. அவள் முதுகில் என் ஐந்து விரலும் பதிந்தன. அந்த நாளுக்கு இலக்கம் போடவில்லை. அதன்பிறகு என்னைக் கண்டால் அவள் வளவைச் சுற்றிக்கொண்டு போவாள். இதற்கென்று டொக்டர் தந்த குளிசையை இரண்டு மாதம் எடுத்தபின், போன வாரம்தான் மடியில் வந்து இருந்தாள்.

குசினிக்குப் போனேன். அம்மாவும் அக்காவும் அடுப்படியில் இருந்தார்கள்.

"அம்மா, என்ரை குளிசையை ஆர் வெட்டினது?"

"நான்தான். கொக்காவுக்குக் குடுத்தனான். வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் பொங்கலெல்லே, அவளுக்குத் தீட்டு நாள் கிட்டுது. தள்ளிப்போடத்தானே வேணும்?"

"அது அதுக்கில்லை. ஒருநாளும் விடக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவா."

"எல்லாம் ஒண்டுதான். கோவத்துக்கும் குளிசையோ? அப்பிடியெண்டா கொப்பருக்குப் பெட்டியோடை வாங்கோணும்."

அப்பாவின் கோபத்தை நினைத்து அக்கா சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"மருத்துவிச்சி மிசியிட்டை இருக்கும். கேட்டு வாங்கட்டே?"

அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்தினார். "பிள்ளைப்பேற்றைத் தடுக்கிற குளிசையைக் கலியாணம் கட்டாத நீ போய்க் கேக்கப்போறியோ? ஊர் என்ன கதைக்கும், தர்சி?"

நான் போகவில்லை.

பொங்கல் நல்லபடி முடிந்தது. குளிசை தீர்ந்த நான்காம் நாள் கோபத்துக்கு இரண்டு என்று எழுதி, வெட்டி, மூன்று என்று எழுதினேன். பின்னேரம் கயலினி ஓடிவரும் சத்தம் கேட்டதும் அறைக்கதவைத் தாழ்ப்பாள் போட்டேன்.

"சித்தி, கதவைத் திறவுங்கோ. சித்தி நித்திரையோ?"

கதவுக்கும் நிலத்துக்கும் நடுவிலிருந்த இடைவெளியால் நான்கு சின்ன விரல்கள் உள்ளே வந்து, சீமெந்துத் தரையைத் தடவித் தடவித் தேடின. கட்டிலில் இருந்த நான் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொண்டேன்.