முயல் குரலில் கூப்பிட்டவள்

ரோவீனாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இரண்டாம் கல்யாணம் நடந்தது. மைல்ஸ் சிட்டியில் சலூன் வைத்து, ஊர்ப் பெண்களில் பாதிப் பேரின் தலைமுடியையும் அவர்கள் வீட்டுச் சண்டைகளையும் ஒரே கையால் சிக்கெடுத்து வந்தவள். அந்தக் கடையைக் கொடுத்துவிட்டு, கிழக்கு மொன்டானாவின் புல்மேட்டில் ஹால்வர் ட்வெட் நடத்திவந்த ஆட்டுப் பண்ணைக்குக் குடிவந்தாள். ஹால்வர் மனைவியை இழந்து பல வருடம் தனியாக இருந்தவன். பெரிய உடம்பு, நிதானமான நடை, அதைவிட நிதானமான பேச்சு. ரோவீனா பேச, அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்பான். இப்படிக் கண்ணெடுக்காமல் கேட்கிற ஆண்பிள்ளையை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. அதில்தான் விழுந்தாள்.

கொயோட்டி நரிகளைக் குரல் கொடுத்து வரவழைத்துச் சுடுவதில் அந்த வட்டாரத்திலேயே ஹால்வரை மிஞ்ச ஆளில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் அவள் வந்த பிறகு அவன் வெறுங்கையோடுதான் திரும்பினான். போன வசந்தத்தில் குட்டி போடும் கொட்டகைக்குப் பின்னால், விடிந்தால் எங்காவது ஒரு ஆட்டுக்குட்டியின் தோல் கிடக்கும். தாய் ஆடு அதன் பக்கத்திலேயே நின்று கத்திக்கொண்டிருக்கும்.

அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் ஊருக்குள் காப்பி குடிக்கப் போனபோது, பக்கத்துப் பண்ணை டெல்பர்ட் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான்.

"என்னய்யா ஹால்வர், இந்த வருஷமும் உன் வீட்லதான் கொயோட்டிக்கெல்லாம் விருந்தா? புதுப் பொண்டாட்டி உன்ன வெளிய விடமாட்டேங்குதுபோல."

கடை முழுக்கச் சிரித்தது. ஹால்வரும் சிரித்தான், மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தாமதமாக. ரோவீனாவுக்குச் சுருக்கென்றது. திரும்பும் வழியில் வண்டியில் சொன்னாள்:

"எனக்குக் கத்துக்குடு."

"என்னத்த?"

"கொயோட்டி கூப்பிட. சுட. எல்லாத்தையும்."

அவன் சாலையிலிருந்து கண்ணைத் திருப்பி அவளைப் பார்த்தான். "டெல்பர்ட் சொன்னதுக்கா? அவன் பேச்ச அவன் ஆடே கேக்காது."

"அதுக்கில்ல. ஆடு எனக்கும்தான சொந்தம் இப்ப."

மறுநாளே சமையலறையில் பாடம் தொடங்கியது. விரல் நீளத்தில் மரத்தாலான ஒரு ஊதல். உள்ளே நாதஸ்வரச் சீவாளி மாதிரி மெல்லிய தகடு ஒன்று. ரோவீனா ஊதியதும் பூனை தாவிக் குளிர்பெட்டி மேல் ஏறியது. சாயங்காலம் வரை இறங்கவில்லை.

"பொறந்தநாள் பீப்பி ஊதுற மாதிரி ஊதுற," என்றான் ஹால்வர். "பருந்து கால்ல மாட்டின முயலா நெனச்சுக்க. உசுரு போகுது. அப்ப எப்படிக் கத்தும்? தொண்டையிலேர்ந்து வரணும். கன்னம் உப்பக்கூடாது."

"நீ ஊதிக் காட்டேன்."

"நான் ஊதினா நீ என்னப் பாத்துச் செய்வ. உன் முயல் உன்கிட்டேர்ந்து வரணும்."

அது பெரிய தத்துவமாக அவளுக்குப் பட்டது. பாத்திரம் கழுவும்போதும், ஆட்டுக்கு வைக்கோல் பிரித்துப் போடும்போதும் ஊதினாள். அவன் எதிரில் நின்று அவள் கன்னத்தையும் கழுத்தையும் பார்த்துத் தலையாட்டுவான், அல்லது விரலால் அவள் தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கிவிடுவான். அந்த விரல் படுவதற்காகவே அவள் சில தடவை தப்பாக ஊதியதும் உண்டு.

மற்றதை மேட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்தான். காற்று முகத்தில் அடிக்கணும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கணும். உச்சியில் உட்காரக்கூடாது, வானத்துக்கு எதிரில் நம் தலை தெரியும். சரிவில் பாதி இறங்கி, புதருக்கு முன்னால் உட்கார்ந்து, உடம்பை மறந்துவிடணும்.

"கண்ண ஏமாத்திடலாம். காத ஏமாத்திடலாம். அது மூக்க மட்டும் ஏமாத்த முடியாது."

"என் மூக்கு அரிச்சா?"

"அரிக்கட்டும்."

"தும்மல் வந்தா?"

"முழுங்கு."

துப்பாக்கி அவளுக்குச் சீக்கிரம் பிடிபட்டது. சவரக் கத்தியை வைத்துப் பிடரி மயிரை வழித்த கை, நடுக்கம் தெரியாது. தூரத்தில் வைத்த காப்பி டப்பா முதல் நாளே உருண்டது. ஹால்வர் போய் அதை எடுத்துவந்து, ஓட்டை வழியாக அவளைப் பார்த்தான்.

பிப்ரவரியில், கொயோட்டிகள் ஜோடி சேரும் பருவத்தில், முதன்முதலாக வேட்டைக்கென்று போனார்கள். பனி திட்டுத் திட்டாகக் கிடந்தது. சேஜ் புதருக்கு முன்னால் இருவரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார்கள். ஹால்வர் கையசைத்ததும் ரோவீனா ஊதினாள். முயல் கத்தியது. நிறுத்தினாள், காத்திருந்தாள், மறுபடி ஊதினாள். மூன்றாவது தடவை ஊதலுக்குள் எச்சில் உறைந்து தகடு ஒட்டிக்கொண்டது. காற்று மட்டும் 'உஸ்'ஸென்று போனது. முயலும் இல்லை, பீப்பியும் இல்லை.

பயந்துகொண்டே ஹால்வரைப் பார்த்தாள். அவன் எதிர்ச்சரிவில் வைத்த கண்ணை எடுக்காமல் கட்டைவிரலை உயர்த்தினான். அதுதான், அப்படித்தான் என்று.

அவள் இன்னொரு தடவை வேண்டுமென்றே வெறும் காற்றை ஊதினாள். அவன் மறுபடியும் தலையாட்டினான்.

அந்த நேரம் பார்த்து இடப்பக்க மேட்டுக்குப் பின்னாலிருந்து இரண்டு கொயோட்டிகள் குரல் கொடுத்தன. முதலில் குரைப்பு, பிறகு ஒன்றின்மேல் ஒன்று ஏறிப்போகும் ஊளை. பக்கம்தான். ஹால்வரின் தலை திரும்பவே இல்லை. சற்றுக் கழித்து முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

"இங்க ஒண்ணும் இல்லம்மா. போலாம்."

வண்டியில் ஏறியதும் அவன் சாவியைத் திருகப் போனான். அவள் அந்தக் கையைப் பிடித்தாள். அவன் முகம் தன் பக்கம் திரும்பும் வரை பேசவில்லை.

"ஹால்வர், கடைசில நான் ஊதினது வெறும் காத்து."

அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான்.

"அந்த மேட்டுக்குப் பின்னாடி ரெண்டு கத்திச்சு. உனக்குக் கேக்கல."

பிறகு அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "மெலிசான சத்தம் மொதல்ல போச்சு. அப்புறம் தூரத்துச் சத்தம். இடது காது சுத்தம். ஆயுசுபூரா டிராக்டரும் துப்பாக்கியும், வேற என்ன ஆகும்? நீ வர்றதுக்கு முன்னாடியே போயிருச்சு."

"ஏன் சொல்லல?"

"ஏற்கெனவே கெழவன். செவிட்டுக் கெழவன்னு வேற சொல்லணுமாக்கும்."

"அப்ப நான் பேசுறப்ப என் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தது..."

"வாயப் பாத்தேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மூஞ்சியையும்தான்" என்றான்.

"கட்டிக்கிறியான்னு கேட்டப்ப நான் சரின்னு சொன்னேனே?"

"அன்னிக்குக் காத்து ஜாஸ்தி. நீ தலைய ஆட்டினியா, அதான் தப்பிச்சேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டாள். அவன் கையுறையால் அவள் கன்னத்தைத் துடைக்க, அதில் ஒட்டியிருந்த பனி அவள் முகத்தையெல்லாம் ஈரமாக்கியது. "யோவ் கெழவா, விடு" என்று தள்ளிவிட்டாள். பிறகு அவன் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "இனிமே எனக்குக் கேக்கறது எல்லாம் உனக்குச் சொல்லிருவேன். நீ எதையும் மறைக்காத" என்றாள்.

"சரி."

"கேட்டுச்சா?"

"இந்தப் பக்கம் நல்லாவே கேக்கும். பக்கத்துலதான இருக்க."

அடுத்த வாரம் விடியலில் அதே மேட்டுக்கு வேறு பக்கமாகப் போனார்கள். இந்தத் தடவை துப்பாக்கி ரோவீனா முன்னால், குச்சிக் கவையின் மேல். சத்தம் வரும் பக்கத்தை அவள் அவன் தொடையில் விரலால் காட்டுவது என்று பேசிவைத்திருந்தார்கள். அவள் ஊதினாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு வலப்பக்கத்தில் ஒற்றைக் குரைப்பு. அவன் தொடையில் வலப்பக்கமாகக் கோடிழுத்தாள். அவன் மெல்ல, மிக மெல்ல, கண்ணை அங்கே கொண்டுபோனான். அவனுடைய பார்வை இன்னும் அப்படியே இருந்தது. அவள் கண்டுபிடிப்பதற்கு முன்பே, சுண்டுவிரலால் ஒரு புதரைக் காட்டினான்.

புதர் அசைந்து கொயோட்டி ஆனது. சாம்பலும் செம்மையும் கலந்த ரோமம், வாயிலிருந்து ஆவி. ஓடிவந்தது, நின்றது, மூக்கைத் தூக்கியது, மறுபடி ஓடிவந்தது. தன்னை நம்பி வருகிறது என்று ரோவீனாவுக்குத் தோன்றியது. விரல் விசையில் இருந்தது, அழுத்த வரவில்லை. கொட்டகைக்குப் பின்னால் நின்று கத்திய தாய் ஆடு ஞாபகம் வந்தது. அதுவும் இதுவும் ஒரே நெஞ்சுக்குள் இருந்தன.

"வூஃப்," என்று ஹால்வர் அடித்தொண்டையில் குரைத்தான். கொயோட்டி நின்று, பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தது. அவள் சுட்டாள்.

அது துடிக்கவில்லை. நின்ற இடத்திலேயே சாய்ந்தது.

ஹால்வர் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். "சுத்தமா, ஒரே குண்டு. நான் மொதல்ல சுட்டது இவ்வளவு சுத்தமா இல்ல." அவன் முகத்தில் அத்தனை சந்தோஷம். அப்போதுதான் மேட்டின் மேலிருந்து மற்றதன் குரல் வந்தது. நீளமாக, கடைசியில் உடைந்து. நிறுத்தும், கேட்கும், திரும்பவும் கூப்பிடும்.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். அவன் இத்தனை சந்தோஷமாக இருக்கிறான். அவனுக்கு இந்தக் காலை அமைதியாகவே இருக்கிறது. ஆனால் வாக்குக் கொடுத்திருந்தாள்.

"ஹால்வர், அதோட ஜோடி கத்துது."

அவன் கை தோளிலிருந்து இறங்கியது. அவள் பக்கத்தில் பனியிலேயே உட்கார்ந்தான். "கேட்டு ரொம்ப நாளாச்சு," என்றான். "எப்படி இருக்கு?"

அவள் அவன் வலது காதோடு வாயை வைத்து, தாழ்ந்த குரலில், கேட்டபடியே ஊளையிட்டுக் காட்டினாள். கடைசியில் உடைவதையும் சேர்த்து. அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். முடிந்த பிறகும் திறக்கவில்லை.

"ஆமா," என்றான். "அப்படித்தான்." கண்ணைத் திறந்து, "இப்ப நீ கூப்பிட்டா அதுவும் வந்துரும். வேட்டைக்காரன் விடமாட்டான்" என்றான்.

"உனக்கு வேணுமா?"

"துப்பாக்கி உன்னுது."

ரோவீனா துப்பாக்கியிலிருந்து குண்டுகளை எடுத்துவிட்டாள். இருவரும் இறங்கிப்போய்ச் செத்ததைப் பார்த்தார்கள். அவள் கையுறையைக் கழற்றி அதன் கழுத்து ரோமத்தைத் தொட்டாள். இன்னும் சூடாக இருந்தது. ஹால்வர் அவசரப்படுத்தவில்லை.

அந்த வசந்தத்திலும் குட்டிகள் போகாமல் இல்லை, ஆனால் போன வருடத்துக்குக் குறைவு. ஏப்ரலில் கொட்டகையோரம் வந்த இன்னொரு கொயோட்டியையும் ரோவீனாதான் சுட்டாள். அது அந்த ஜோடிதானா என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவள் முயலவும் இல்லை. ஹால்வரை பில்லிங்ஸ் நகருக்கு அழைத்துப்போய்க் காதுக் கருவி வாங்கிப் போட்டாள். முதல் நாள் முழுக்க அவன் குளிர்பெட்டி இவ்வளவு சத்தம் போடுமா, தரை இப்படிக் கிறீச்சிடுமா என்று வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

சாயங்காலம் அவள் அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றபடி, என்ன செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். திரும்பியபோது ஹால்வர் வாசல் நிலையில் சாய்ந்து, கண்ணை மூடி நின்றிருந்தான்.

"நிறுத்தாத," என்றான்.