பத்து நாள் தராசு

கிருபாவதி எந்தப் பொருளையும் ஒருமுறை நிறுத்துவிட்டு நம்புகிறவள் அல்லள். தட்டை இறக்கி, முள் நடுவில் நிற்பதை உறுதி செய்துகொண்டு மறுபடியும் நிறுப்பாள். இரண்டு எண்ணும் ஒத்தால்தான் தாளில் எழுதுவாள். சென்னையிலிருந்த ஆராய்ச்சிச் சாலையில் அவளுக்கு வேலை கிடைத்ததே அந்தக் குணத்தால்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டு மாசி மாதத்தில், ஒரு தராசும் ஒரு பெட்டி எடைக்கற்களும் கோடு போட்ட தாள்களுமாக அவள் பண்ணைப்புரத்தில் வந்து இறங்கினாள்.

நாட்டுப்புறத்து மக்கள் என்ன உண்கிறார்கள் என்பதை யூகித்து எழுதாமல், உலையில் போடும் முன்பே நிறுத்துப் பார்த்து எழுதவேண்டும் என்பது அந்நாளில் புதிய ஆராய்ச்சி முறை. ஊருக்கு ஏழு வீடு, வீட்டுக்குப் பத்து நாள். தவசம், பருப்பு, எண்ணெய், உப்பு என்று அன்றைய சமையலுக்கு எடுத்துவைத்த அனைத்தையும் காலையில் நிறுத்து, வீட்டிலுள்ள தலைகளால் வகுக்கவேண்டும்.

அதற்கென்று அச்சிட்ட விதிகள் ஒன்பது இருந்தன. நிறுப்பவர் அந்த வீட்டாரிடம் உணவோ தண்ணீரோ வாங்கலாகாது என்பது நான்காம் விதி. ஆராய்ச்சியின் பயன் இன்னது என்று முன்கூட்டிச் சொல்லலாகாது என்பது ஏழாம் விதி. பயன் என்னவோ பெரியதுதான். பண்ணைப்புரம் இருந்த பள்ளத்தாக்கில் மூன்று ஊர்களை நிறுத்துக்கொண்டிருந்தார்கள். எந்த ஊரின் உணவு மிகவும் குறைபட்டது என்று தெரியவருகிறதோ, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓராண்டு முழுவதும் மீனெண்ணெய் வரும். மற்ற இரண்டு ஊருக்கும் வராது. இது வெளியே தெரிந்தால் ஜனங்கள் வீட்டிலிருப்பதை ஒளித்துவிடுவார்கள் என்று ஆராய்ச்சிச் சாலையின் மேலாளர் அஞ்சினார்.

முதல் நாளே கிருபாவதி ஏழு பெண்களையும் பள்ளிக்கூடத்து வேப்ப மரத்தடியில் கூட்டி வரிசையைப் படித்தாள். முதல் வீடு சங்கிலியம்மாளுடையது. அவள் கணவர் ஊர்க் கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருகிறவர். ஏழாம் வீடு பொன்னாத்தாளுடையது. ஏலக்காட்டு வேலைக்கு மலையேறிய கணவன் திரும்பாமல் போனபின், அவளும் ஏழு வயது மகள் மலையம்மாளும் மாமனார் மாமியாருமாக இருந்தார்கள்.

“இந்த வரிசை ஒரு நாளும் மாறாது. ஒவ்வொரு வீட்டிலயும் அரை மணி நேரம் இருப்பேன். நான் வர்றதுக்கு முந்தி உலையில எதையும் போடக்கூடாது” என்றாள் கிருபாவதி.

“மாறவே மாறாதா டீச்சரம்மா?” என்று சங்கிலியம்மாள் அக்கறையாகக் கேட்டாள். எழுதப் படிக்கத் தெரிந்த பெண் எவளும் அவ்வூருக்கு டீச்சரம்மாதான்.

“மாறாது.”

சங்கிலியம்மாளுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

மறுநாள் காலை முதல் வீட்டில் சுளகு நிறைய வெள்ளையரிசி இருந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணம் துவரம்பருப்பும் ஒரு சிறு பித்தளைச் செம்பில் நெய்யும் இருந்தன.

“ஒரு செம்பு தண்ணியாவது குடிச்சிட்டு நிறுங்க டீச்சரம்மா.”

“வேண்டாங்க. விதி இருக்கு.”

“என்ன விதியோ! எங்க கிணத்துத் தண்ணி உங்க விதியக் கரைச்சிருமாக்கும்?”

கிருபாவதி சிரிக்கவில்லை. நிறுத்தாள், எழுதினாள், அடுத்த வீட்டுக்குப் போனாள். அங்கும் அரிசி, பருப்பு, நெய். மூன்றாம் வீட்டிலும் ஏழாம் வீட்டிலும் அவ்வாறே. ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய மட்டும் சோளத்தட்டை நட்டுக்கொண்டு நிற்க, வீடுகளில் மட்டும் நெல்லரிசி எப்படி என்று அவள் நினைக்காமல் இல்லை. ஆனால் நினைப்புக்குத் தாளில் கட்டம் கிடையாது. எடைக்குத்தான் கட்டம் உண்டு.

ஐந்தாம் நாள் அந்தியில் அவள் கிணற்றடியிலிருந்து பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். வெளிச்சம் இன்னும் முழுதும் போகவில்லை. தெருவில் மலையம்மாள் சுவரைத் தடவித் தடவி வந்தாள். தன் வீட்டு வாசலில் கிடந்த கல்தொட்டியில் முட்டி விழுந்தாள். எழுந்தவள் அழவில்லை. கையை நீட்டிக் காற்றைத் துழாவினாள்.

கிருபாவதி அவள் முகத்துக்கு நேராக மூன்று விரலைக் காட்டினாள். “இது எத்தனை, சொல்லு பார்ப்போம்.”

“எங்கன?” என்றது பிள்ளை.

பொன்னாத்தாள் ஓடிவந்து மகளை இடுப்போடு அணைத்துக்கொண்டாள். “ஏத்தா, பராக்குப் பாத்துக்கிட்டே வாரியா? அவளுக்கு ஒண்ணுமில்ல டீச்சரம்மா, அந்தி வந்தா தூக்கக் கலக்கம். வெளிய சொல்லிராதீக. பொட்டப் புள்ள.”

அது மாலைக்கண் என்பதில் கிருபாவதிக்கு ஐயமில்லை. பாலும் நெய்யும் கீரையும் காணாத பிள்ளைகளுக்கு வருவது அது. அந்த நிலையிலேயே மீனெண்ணெய் கொடுத்தால் கண் தேறிவிடும். தள்ளிப் போட்டால் விழியே வெளுத்துக் கெட்டுவிடும். ஆனால் இந்தப் பிள்ளையின் வீட்டில் ஐந்து நாளாக நெய் இருக்கிறதென்று அவளே தன் கையால் எழுதியிருக்கிறாள்!

மறுநாள் விடிந்ததும் தாள்களை வரிசையாகப் பரப்பினாள். நெய்க் கட்டத்தைப் பார்த்தாள். ஏழு வீட்டிலும் மூன்றே கால் அவுன்ஸ். ஐந்து நாளும் மூன்றே கால். அவள் முதலில் சந்தேகப்பட்டது தராசைத்தான். எடைக்கற்களை ஒன்றோடொன்று வைத்துச் சோதித்தாள். தராசில் பழுதில்லை. பிறகு அரிசிக் கட்டத்தைப் பார்த்தாள். முதல் வீட்டில் நாற்பத்தெட்டு, இரண்டாம் வீட்டில் நாற்பத்தாறு, பிறகு நாற்பத்தைந்து, நாற்பத்துமூன்று என்று படியிறங்கி, ஏழாம் வீட்டில் முப்பத்தொன்பது. எந்த நாளிலும் ஒரு வீடுகூட வரிசை தப்பவில்லை.

அவள் தராசை எடுத்துக்கொண்டு நேரே ஏழாம் வீட்டுக்கு நடந்தாள்.

பொன்னாத்தாள் அவளைக் கண்டதும் கரண்டியும் கையுமாக எழுந்து நின்றாள். “என்ன டீச்சரம்மா, இந்நேரத்துக்கு இங்கன? அரிசி இன்னும் வந்து சேரலையே!”

சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கிருபாவதி அடுப்பைப் பார்த்தாள். உலை கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இடித்த சோளம், ஒரு பிடி மொச்சை, நாலு மிளகாய், உப்பு. வேறொன்றும் இல்லை.

“யாரு வீட்டு அரிசி?”

“சங்கிலி அக்கா வீட்டுது. அவுக தங்கச்சி சின்னமனூர்ல இருந்து குடுத்துவிட்டாக. நெய்யும் அவுகளுதுதான். நீங்க ஒரு வீட்டுல எழுதி முடிக்கிறதுக்குள்ள கொல்லை வழியா அடுத்த வீட்டுக்கு வந்துரும்.” பொன்னாத்தாளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. “நீங்கதான வரிசை மாறாதுன்னு சொன்னீக? மாறியிருந்தா எங்களுக்குத் தோதுப்பட்டிருக்காது.”

கிருபாவதிக்கு முகம் சிவந்தது. தான் பெருமையாகக் காத்த ஒழுங்கே அந்த அரிசி நடந்துவரப் பாதை போட்டுக்கொடுத்திருக்கிறது.

“அப்போ வீட்டுக்கு வீடு எடை குறைஞ்சது எப்படி? வழியில சிந்துச்சா?”

“சிந்த விடுவோமா! அடுப்படிக்கு வந்த அரிசியில ஒரு பிடி சாமி கலயத்துல போடாம இருக்கலாமா? அரிசி யாரு வீட்டுதா இருந்தா என்ன? உங்கள ஏமாத்துனோம், சரி. சாமிய ஏமாத்த முடியுமா?”

அடுப்பங்கரை மூலையில் கலயம் இருந்தது. ஐந்து நாளின் ஐந்து பிடி அரிசியும் அதில் அப்படியே கிடந்தது.

கிருபாவதி அடுப்புக்கெதிரே உட்கார்ந்துவிட்டாள். இருப்பதை மறைப்பார்கள் என்று பயந்த மேலாளருக்கு, இல்லாததைக் காட்டுவார்கள் என்று தோன்றவில்லை. இந்தத் தாள்கள் இப்படியே போனால் பண்ணைப்புரம் நெய்யில் குளிக்கிற ஊராகிவிடும், எண்ணெய் வேறூருக்குப் போகும், மலையம்மாள் சுவரைத் தடவிக்கொண்டேயிருப்பாள். மீனெண்ணெய் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், நாளைக்கே ஏழு வீட்டுச் சுளகும் காலியாகிவிடும். அதுவும் பொய்யாகத்தான் இருக்கும்.

“எனக்கு நிஜம் வேணும் பொன்னாத்தா. எதுக்குன்னு சொல்ல முடியாது. ஏன் மறைச்சீங்க?”

“தப்பா நெனைக்காதீக. எங்க கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டேங்கிறீக. அப்படிப்பட்டவுகளுக்கு எங்க சட்டியத் தெறந்து காட்ட மனசு வருமா?”

கிருபாவதி நான்காம் விதியை ஒருமுறை மனத்துக்குள் முழுதும் சொல்லிப் பார்த்தாள். அதில் பிழையொன்றும் இல்லை. அடுப்பெதிரே உட்கார்ந்து படிக்கும்போதுதான் அது விளங்காமல் போயிற்று.

“கூழ் இருந்தா ஊத்து” என்றாள்.

குடிப்பதற்கு முன் அந்தக் கூழையும் நிறுத்தாள். குறிப்புக் கட்டத்தில் எழுதினாள்: கூழ் ஒன்பது அவுன்ஸ், நிறுப்பவள் உண்டது, கழிக்கவும். பொன்னாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஐந்து நாள் தாள்களிலும் குறுக்காகச் சிவப்புக் கோடு போட்டாயிற்று. சென்னைக்குத் தாள்கள் சேரவேண்டிய நாளுக்கு இன்னும் பதினான்கு நாள் இருந்தது. தபாலுக்கு இரண்டு நாள் போனால் பன்னிரண்டு. புதிதாகப் பத்து நாள் எடுக்க, மிஞ்சுவது இரண்டே நாள். ஏழு வீடும் உண்மையைக் காட்டும் நாளைத்தான் முதல் நாளாகக் கணக்கிடுவது என்று அவள் தீர்மானித்தாள். அந்தத் தாமதத்தையும் கூழையும் மேலாளர் மன்னிப்பார் என்று அவளுக்கு நம்பிக்கையில்லை. முன்பு ஒருவரை ஒரு டம்ளர் காப்பிக்காக வேலையைவிட்டு அனுப்பியவர் அவர்.

அன்று பகலுக்குள், கூழ் ஊற்றாத முதல் வீடு நீங்கலாக, மற்ற ஐந்து வீடுகளிலும் அவள் கூழ் குடித்தாள். ஒரு வீட்டில் குடித்து இன்னொரு வீட்டில் மறுத்தால் அது வேறு வழக்காகிவிடும். மறுநாள் அந்த வீடுகளில் எல்லாம் சோளமும் கம்பும் தயங்காமல் சுளகுக்கு வந்தன. முதல் வீட்டில் மட்டும் அரிசியும் நெய்யும் அசையவில்லை.

“எங்க வீட்டுல எப்பவும் இதுதான் டீச்சரம்மா” என்று சங்கிலியம்மாள் கண்ணிமைக்காமல் சொன்னாள்.

“அக்கா வீட்டு அரிசிக்கு இப்பப் போக்கிடம் இல்ல. உக்காந்த இடத்துலயே மூப்பாகுது” என்று கொல்லைப் பக்கமிருந்து யாரோ சொல்ல, பல குரல்கள் சிரித்தன. அந்தச் சிரிப்பு கிருபாவதிக்குப் பிடிக்கவில்லை. சங்கிலியம்மாளின் பிடிவாதம் அதனால் இறுகுமேயன்றித் தளராது.

இரண்டு நாளும் வீணாயின. மூன்றாம் நாள் தொடங்கியே ஆகவேண்டும். அன்று காலை அவள் தராசை வாசலிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே போனாள்.

“அக்கா, காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிடல. பசிக்குது. என்ன இருக்கோ, குடுங்க.”

“இருங்க, இப்பப் பொங்கிருறேன். நெய்யூத்திச் சாப்பிடலாம்.”

“பொங்கறவரைக்கும் தாங்காது. ராத்திரி மிச்சம் எதுவும் இல்லையா?”

பசி என்று வந்தவளைக் காத்திருக்கச் சொல்லச் சங்கிலியம்மாளால் முடியவில்லை. சுளகு அரிசியையும் அவள் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு உறியிலிருந்து ஒரு சட்டியை இறக்கினாள். தண்ணீர் ஊற்றிவைத்த சோளச்சோறு. கரைத்து, உப்புப் போட்டு, ஒரு வெங்காயத்தோடு முன்னால் வைத்தாள். கிருபாவதி கடைசி வாய்வரை குடித்தாள். அவள் குடித்து முடிக்கும்வரை சங்கிலியம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நம்ம ஊரு பேரு தாளுல ஏறப்போகுதுன்னு சொன்னாக” என்று மெதுவாகத் தொடங்கினாள். “ஏறப்போறது ஒரே ஒரு தடவ. நல்ல சேலை உடுத்திக்கிட்டு ஏறட்டுமேன்னு நெனச்சேன். அம்புட்டுதான்.”

“நான் தப்பா எழுதினா, பேருதான் அக்கா ஏறும். ஊரு ஏறாது.”

சங்கிலியம்மாள் எழுந்துபோய்ச் சுளகை அரிசிப் பானையில் கவிழ்த்தாள். நெய்ச்செம்பை உறிமேல் வைத்தாள். சோளத்தை அளந்துகொண்டுவந்து தரையில் வைத்து, “வெளிய தராச விட்டுட்டு வந்திருக்கீக. கோழி ஏறுது பாருங்க” என்றாள்.

அந்த நாள் முதல் நாளாயிற்று. பத்து நாளும் நெய்க் கட்டத்தில் சுழியமே விழுந்தது. ஊரில் மாலைக்கண் உள்ள பிள்ளைகள் எத்தனை என்று தாளில் கட்டம் இல்லாததால், கிருபாவதி தனியே ஒரு தாளில் எழுதினாள். பெயர்கள் வேண்டாம் என்று பொன்னாத்தாள் கேட்டுக்கொண்டாள். எண்ணை மட்டும் எழுதினாள்: பதினொன்று. சிவப்புக் கோடிட்ட தாள்களையும், நான்காம் விதியை மீறியதற்கான விளக்கத்தையும் சேர்த்தே உறையில் வைத்தாள்.

ஒரு மாதம் கழித்துச் சென்னையில் அவள் கையில் கடிதம் கொடுத்தார்கள். அதில் இரண்டு பத்திகள் இருந்தன. பயன் இன்னதென்று அறியாத மக்கள் தங்கள் உணவைக் குறைத்துக் காட்டக் காரணமில்லையாதலால், பிந்திய பத்து நாள் எடைகள் ஏற்கப்பட்டன, பண்ணைப்புரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. இது முதல் பத்தி. விதியை மீறியவர் இனித் தராசு வேலைக்கு அனுப்பப்பட மாட்டார். எண்ணெய் கொடுக்கும் வேலையைப் பார்க்கலாம். இது இரண்டாம் பத்தி. கிருபாவதி இரண்டாவதை இரண்டு முறை படித்தாள். தராசைத் துடைத்து, பெட்டியில் வைத்து, ஒப்படைத்துவிட்டு வந்தாள்.

சித்திரை பிறந்ததும் மீனெண்ணெய்த் தகரங்கள் தேனி ரயிலடியிலிருந்து வண்டியில் வந்தன. மூடியைத் திறந்ததும் வரிசையில் நின்ற பிள்ளைகள் சிதறினார்கள்.

“இதுக்குத்தானா டீச்சரம்மா அம்புட்டுக் கூழக் குடிச்சீக?” என்று சங்கிலியம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அப்படியே ஒரு கையால் மூக்கைப் பிடித்தபடி, மறுகையால் ஓடுகிறவர்களைப் பிடித்து இழுத்துவந்து ஒவ்வொருவராக நிறுத்தினாள். “தொறடி வாய! துப்புனா இன்னொரு கரண்டி!”

மலையம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினாள்.

அன்று அந்தியில் பொன்னாத்தாள் வழக்கம்போல் மகளின் கையைப் பிடித்தே வீட்டுக்குள் கூட்டிப்போனாள். மறுநாளும் அப்படித்தான். பன்னிரண்டாம் நாள் பிடிக்கக் கையை நீட்டியபோது பிள்ளை பக்கத்தில் இல்லை. கல்தொட்டியைச் சுற்றிக்கொண்டுபோய், முன்னாலேயே படியேறிவிட்டிருந்தாள்.