குணேஸ்வரியாகப் பாடியவள்

இருபத்திரண்டு வயதில் மிரேய்க்குத் தமிழில் தெரிந்தது ஒரே ஒரு தாலாட்டுத்தான். கைக்குழந்தையாக அவளைக் கொழும்பிலிருந்து தத்தெடுத்து வந்த லூயிஸ், ரொக்ஸ்பரோ என்ற வெள்ளைக்காரப் புறநகரில் பிரெஞ்சு பேசி வளர்த்தாள். தத்துப் பத்திரத்தில் பெற்றவளின் பெயர் இருந்தது: குணேஸ்வரி. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு மிரேய் ஓர் இசை நாடகம் எழுதினாள். மேடையில் அவள் ஒருத்திதான். லூயிஸாகப் பாடுவாள், கறுப்பு கழுவினால் போகுமா என்று கேட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகளாகப் பாடுவாள், கடைசியில் குணேஸ்வரியாக உட்கார்ந்து தாலாட்டுவாள்.

தாலாட்டைச் சொல்லிக்கொடுத்தவள் செலீன். மன்னார்க்காரி, பக்கத்து சென்ட் லோரன்டில் மருந்துத் தொழிற்சாலையில் மாத்திரை அடைக்கும் வேலை. ஊரில் கோயில் ஆட்களைப் பிடித்து விசாரித்து, 2004 ஒக்ரோபரில் குணேஸ்வரியின் தொலைபேசி எண்ணையும் அவளே எடுத்துக்கொடுத்தாள்.

நாடகத்தின் முதல் காட்சி சனிக்கிழமை மத்தியானம். அன்று காலை செலீனின் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று அந்த எண்ணை அழைத்தார்கள்.

"ஓம், நான்தான் குணேஸ்வரி. ஆனா அந்தப் பிள்ளையை நான் பெறேல்லை."

செலீனின் முகம் மாறியதை மிரேய் பார்த்தாள். "என்ன சொல்றா?" என்று பிரெஞ்சில் கேட்டாள். செலீன் கையமர்த்தினாள்.

"நான் வேலைக்கு நிண்ட வீட்டு ஐயா கோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனவர்," என்றது ஒலிபெருக்கியில் அந்தக் குரல். "ஒரு குழந்தையைக் கையிலை தந்து, நீதவான் கேட்டால் என்ர பிள்ளை எண்டு சொல்லச் சொன்னவர். சொன்னனான். அந்த வருசம் மூண்டு பிள்ளையளுக்கு அப்பிடிச் சொன்னனான்."

"ஆரின்ர பிள்ளையள்?" என்றாள் செலீன்.

"தெரியாது."

"தமிழ்ப் பிள்ளையளோ?"

"கைக்குழந்தையைப் பாத்து அதெப்பிடித் தெரியும், தங்கச்சி?" குரல் தயங்கியது. "அந்தப் பிள்ளை நல்லா இருக்குதோ?"

செலீன் ஒவ்வொன்றாகப் பிரெஞ்சில் சொன்னாள். கடைசிக் கேள்விக்கு மிரேய் தலையை மட்டும் ஆட்டினாள். செலீன்தான் "ஓம்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.

"இண்டைக்கு ஏலாதெண்டு சொல்லிவிடு, பிள்ளை," என்றாள் செலீன்.

"அம்மா வந்து முதல் வரிசையில் இருப்பா," என்றாள் மிரேய்.

மேடையில் தாலாட்டு வந்ததும் குரல் அடைத்துவிடும், அதோடு எல்லாம் முடிந்துவிடும் என்றுதான் அவள் எண்ணியிருந்தாள். அடைக்கவில்லை. ஒத்திகையில் வந்ததுபோலவே சுருதி பிசகாமல் வந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. லூயிஸ் விம்மி அழுதாள். சனம் எழுந்து நின்று கை தட்டியது.

வாசலில் பேரின்பநாதன் என்ற பெரியவர் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார். தமிழில் தொடங்கி, அவளுக்கு விளங்கவில்லை என்று கண்டு ஆங்கிலத்துக்கு மாறினார். "தமிழ் ரத்தம், மகள். எங்கை வளந்தாலும் விடாது."

"மெர்சி," என்று பிரெஞ்சில் நன்றி சொன்னாள்.

காரில் லூயிஸ், "வருகிற கோடையில் இலங்கைக்குப் போவோம், இரண்டு பேருமாக," என்றாள்.

"யாரைப் பார்க்க?"

லூயிஸுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. மிரேய் விளக்கவும் இல்லை.

இன்னும் பதினொரு காட்சிகள் இருந்தன. பதினொன்றிலும் பாடினாள். செலீன் இரண்டு மூன்று முறை அழைத்துப் பார்த்தாள். மிரேய் எடுக்கவே இல்லை.