கண் தாவும் நேரம்

1978 ஜூனில் ஆசீர்வாதத்தின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். மெஷின் இறங்கும் முன் சிவப்பு விளக்கு ஒரே ஒருமுறை மின்னி அணையும். உடனே கையை எடுத்துவிட வேண்டும். அன்றும் மின்னியது. பக்கத்து மெஷின்காரர்கள் பார்த்தார்கள். அவன் பார்க்கவில்லை.

கவனக்குறைவு என்று எழுதி, வேலைநீக்க விசாரணைக்கு நோட்டீஸ் அனுப்பினார்கள்.

"தூங்கிக்கினா இருந்த?" என்று அவன் மனைவி கிரேஸே கேட்டாள்.

"அளவு முள்ளப் பாத்தேன், தகட்டப் பாத்தேன். வெளக்கு எரியவே இல்ல கிரேஸு," என்று கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதான். அப்படிக் கேட்டதற்காக அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

மெட்ராஸுக்கு அழைத்துப்போய்க் கண்ணைக் காட்டினாள். டாக்டர் வைதேஹி சோதித்துவிட்டு, பார்வையில் குறையே இல்லை என்றார்.

"கண்ணு ஒரு எடத்துலேர்ந்து இன்னொரு எடத்துக்குத் தாவும்போது, மூளை அந்தக் கணம் பார்வைய அமுக்கிடும்மா. எல்லாருக்கும் அப்படித்தான். சரியா அப்ப வெளக்கு மின்னியிருந்தா தெரியாமலே போயிருக்கலாம்."

அதைக் கடிதமாக எழுதித் தந்தார். முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து அதைச் சோதித்துப் பார்க்கவும் சொல்லிக்கொடுத்தார்.

விசாரணை நாளன்று கிரேஸ் நேராக மேனேஜர் சுப்பிரமணியின் அறைக்குள் போனாள்.

"யாரும்மா உன்ன உள்ள விட்டது?"

அவள் கொண்டுவந்திருந்த கண்ணாடியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இதுல உங்க எடது கண்ணப் பாருங்க சார். இப்ப வலது கண்ணு. மாத்தி மாத்திப் பாருங்க. கண்ணு நகர்றது தெரியுதா?"

அவர் எரிச்சலோடு பார்த்தார். "நகரவே இல்லையே."

"நாலு தபா நகந்துச்சு! நான் பாத்துக்கினுதான் நிக்கிறேன். உங்க கண்ணு, உங்க மூஞ்சிக்கு எதிர்லயே நகருது, உங்களுக்குத் தெரியல. இன்னா சார், நீங்களும் கவனக்குறைவா? உங்க வேலையும் போயிடுமா?"

வாசலில் நின்ற தொழிலாளிகள் சிரித்துவிட்டார்கள். விசாரணைக்காக உள்ளே உட்கார்ந்திருந்த தொழிற்சங்கத்துக்காரர் மோசஸ், டாக்டர் கடிதத்தை விசாரணையில் சேர்க்கச் சொல்லி எழுந்து நின்றார்.

இரண்டு வாரத்தில் நோட்டீஸ் ரத்தானது. ஆசீர்வாதத்துக்கு ஸ்டோரில் வேலை கொடுத்தார்கள். அதன்பின் எல்லா மெஷினிலும் கையை எடுக்கும்வரை விளக்கு எரிந்தது, கூடவே மணியும் அடித்தது.

கம்பெனி கேட்டருகே கிரேஸைப் பார்த்த மேனேஜர், "திருப்திதானே?" என்று கேட்டார்.

"இந்த மணிய மாட்ட எத்தினி நாள் ஆச்சு சார்?"

"ஒரு நாள்தான்."

"ஒரே நாளு," என்றாள் கிரேஸ். "அத அவரு வெரலு போறதுக்கு முந்தி, மே மாசமே செஞ்சிருக்கக் கூடாதா?"

அவர் திரும்பி உள்ளே போய்விட்டார்.